கையடக்கம்

துறைமுகம் உறைந்துவிட்டது. கடைசிக் கப்பலும் போயாயிற்று.
டுலூத்தில் ஜனவரி வெயில் என்பது
ஜன்னலில் ஒட்டிய வெறும் வெள்ளைத்தாள்.
மார்லிஸ் ஹாகன் இழுப்பறையைக் கவிழ்க்கிறாள்.
முப்பத்தொரு வருடம்,
இரண்டு அட்டைப்பெட்டிக்குள் வந்துவிடும் போலிருக்கிறது.

நிறுத்துகடிகாரம். கட்டம் போட்ட வரைதாள்கள்.
பிஸ்கட் வாசனை இன்னும் போகாத ஒரு டப்பா.
பிறகு அந்த எண்ணி:
உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் எஃகு,
பெருவிரல் பட்ட இடம் மட்டும் பளபளப்பாக.
அடி, கடி, அலறல், தலையைச் சுவரில் மோதுவது,
எல்லாம் அதற்கு ஒரே 'டிக்'.
சிரிப்பையும் எண்ணியிருக்கலாம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இடது முழங்கைக்குக் கீழே பிறைபோல ஒரு தழும்பு.
அது தேரா லிண்ட்க்விஸ்ட், ஒன்பது வயது,
பள்ளிப் பேருந்து வேறு தெரு வழியாகத் திரும்பிய செவ்வாய்க்கிழமை.
தையல் போட்ட மருத்துவர் கேட்டார், நாயா?
"இல்லை, சாலை மராமத்து" என்றாள் மார்லிஸ்.

கார்வின் பெல்டோலாவுக்கு அப்போது நாலு வயது.
விரல்களைக் கண்முன் விசிறுவான்,
வெளிச்சத்தைத் துண்டு துண்டாக்கிப் பார்ப்பவன்போல.
கை அடக்கம், என்பாள் இவள்.
அன்றைய கட்டளை அது.
பிடித்து மேஜைமேல் வைப்பாள். எழும்பும். வைப்பாள். எழும்பும்.
(இதைத் தமிழில் சொல்லவரும் எனக்கு
அந்தச் சொல் பல்லில் தடுக்குகிறது.
அடக்கம் நல்ல குணம்தான்;
அடக்கம் செய்வதோ பிணத்தை.)

முதல்நாள் நாற்பத்தேழு நிமிடம் அழுதான்.
முகத்தைத் திருப்பிக்கொள் என்றது கையேடு.
திருப்பிக்கொண்டு, நாற்பத்தேழு என்று எழுதினாள்.
மறுநாள் முப்பது. அடுத்த வாரம் ஆறு. பிறகு சுழி.
கோடு இறங்கி வந்த அழகுக்குக்
கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.
அந்தக் கைகளை யாரும் மேஜைமேல் வைக்கவில்லை.

எந்த வருடம் மாறினாள் என்று அவளுக்கே தெரியாது.
ஒருநாள் ஒரு வீட்டில் குளிர்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்,
அலறல் நின்றது. அவ்வளவுதான்.
அதற்குமுன் அந்த இரைச்சல்
அவள் காதில் விழுந்ததே இல்லை.

ஓடெல் என்று ஒருவன், பத்தொன்பது வயது, பேச்சு கிடையாது.
'வேண்டாம்' என்ற அட்டையை எடுத்துக் காட்ட
ஏழு மாதம் சொல்லிக்கொடுத்தாள்.
முதன்முதலாக அவன் அதைக் காட்டியது அவளிடம்.
வேலைத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.
காருக்குள் உட்கார்ந்து
எண்ணியை ஒரே ஒருமுறை அழுத்தினாள்.
அந்த வாரத்துக்கு அது போதும்.

போன அக்டோபரில், கால்வாய்க் கரையில், கார்வின்.
முப்பத்தைந்து வயது, மருத்துவமனைச் சலவைக்கூடத்துச் சட்டை.
பாலம் மேலேறியது. இரும்புத்தாது ஏற்றப்போகும் கப்பல்
நீளமாய் ஒருமுறை, குட்டையாய் இருமுறை ஊதியது.
அவன் இரண்டு கைகளும் கிளம்பின,
தோளுயரத்தில், விரல் விரலாக.
இவள் தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை.
கப்பலைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:
"அந்த மேஜை பச்சை."
அவள் மறந்திருந்தாள்.
ஆமாம், பச்சை. ஓரத்தில் பெயர்ந்த பச்சை.

மன்னிப்பு என்ற சொல் நுனிநாக்குவரை வந்தது.
கேட்டால் அவன் பதில் சொல்லவேண்டியிருக்கும்.
அவனிடம் எத்தனை பதில்கள் வாங்கியாயிற்று,
ஒவ்வொன்றுக்கும் அரை பிஸ்கட் கொடுத்து.

"தள்ளி நில்லுங்கள்" என்றான்.
"பின்பக்கம் தெரியவில்லை."

தள்ளி நின்றாள்.
முன்னூற்று ஐந்து மீட்டர்;
கடந்துபோக
நேரம் பிடித்தது.